மீனிங் நோட்டும் ‘ரன்’ என்ற சொல்லும்

தமிழ்வழி வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மீனிங் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ‘ரன்’, வலப்பக்கம் ‘ஓடு’. ஓரத்தில் உங்கள் சிவப்பு மை டிக். அந்தச் சொல்லைப் பொறுத்தவரை பிள்ளையின் வேலை அன்றோடு முடிந்துவிட்டது. பிறகு ஏதோ ஒரு பாடத்தில் ஒரு பெண்மணி கடை ‘ரன்’ பண்ணுவதாக வருகிறது. பிள்ளை ‘கடையை ஓடுகிறார்’ என்று எழுதுகிறது. சளி பிடித்த சிறுவனுக்கு மூக்கு ‘ரன்’ ஆகிறது. ‘மூக்கு ஓடுகிறது’ என்று எழுதுகிறது. ஒரு தலைவர் தேர்தலில் ‘ரன்’ பண்ணினார் என்று வந்தால், தேர்தல் நேரத்தில் அவர் எங்கோ ஓடிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறது. படிக்காத பிள்ளை இப்படி எழுதுவதில்லை. கொடுத்ததை ஒழுங்காக மனப்பாடம் செய்த பிள்ளைதான் எழுதுகிறது. அதுதான் எனக்கு வேதனை.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அடிக்கடி வரும் சின்னச் சொற்களுக்காவது அந்த நடுக்கோட்டை எடுத்துவிடுங்கள். சொல்லுக்கு எதிரே சொல் எழுதவைப்பதை விட்டு, சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதவையுங்கள். நானும் பல ஆண்டுகள் தமிழ்வழி வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். நாற்பது நிமிடப் பீரியடில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

‘ரன்’ என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக அந்தச் சொல்லின் பதிவைத் திருத்தி 2011-இல் வெளியிட்டார்கள். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் இருந்தன. பெயர்ச்சொல்லாக வரும் பொருள்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் செலவிட்டார். அதற்கு முன் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த சொல் ‘செட்’. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ வினைச்சொல்லின் பதிவு சுமார் 60,000 சொற்கள் நீளம்; பொருள்கள் 430. தனிப் புத்தகமாகவே அச்சடிக்கலாம். 2000-இல் ‘மேக்’ அதை முந்தியது, 2007-இல் ‘புட்’, அதன்பின் ‘ரன்’. எல்லாமே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த, மூன்று நான்கு எழுத்துச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள்.

இது தற்செயலாக அமைந்ததில்லை. ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1945-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சொல் எவ்வளவு அதிகம் புழங்குகிறதோ அதற்கேற்ப அதன் பொருள்களும் பெருகுகின்றன; ஏறத்தாழ, அது வரும் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு. இதைக் கணித ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம். கடினச் சொல் என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் நீளமான சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ எங்கே வந்தாலும் ஒளிச்சேர்க்கைதான். மீனிங் நோட்டு அதற்குப் பொருந்தும். ரன், செட், டேக், கெட், புட் ஆகியவற்றுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஆனால் அவற்றை ‘ஈஸி வேர்டு’ என்று சொல்லி ஒரே நாளில் தாண்டிப்போய்விடுகிறோம்.

இதே தாண்டல் அந்த அகராதி உருவான காலத்திலும் நடந்தது. 1857-இல் லண்டனின் மொழியியல் கழகத்தார் தொடங்கிய திட்டம் அது. ஆசிரியப் பொறுப்பு 1879-இல் ஜேம்ஸ் மரே கைக்கு வந்தபோது அவர் மில் ஹில் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றுபோனவர். நம் தொழில்காரர் என்பதால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தனி ஆசை உண்டு. தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதன் உள்ளே 1,029 சின்னச் சின்ன அறைகள் கொண்ட மர அடுக்குகளை அமைத்தார். அவருக்கு முன்னிருந்தவர்கள் சேர்த்துவைத்த துண்டுச்சீட்டுகள் ஏறத்தாழ இரண்டு டன் எடைக்கு வந்து இறங்கின. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வந்த ஒரு வாக்கியம், எந்தப் புத்தகம், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்ற விவரம். மேலும் சீட்டுகள் வேண்டும் என்று பொதுமக்களுக்கு மரே வேண்டுகோள் விடுத்தார். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் புத்தகங்களைப் படித்து எழுதி அனுப்பினார்கள். அவற்றைப் பிரித்து அடுக்கியவர்களில் மரேயின் பிள்ளைகளும் இருந்தார்கள். அவருக்குப் பதினோரு பிள்ளைகள்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் மரேக்குக் குறை தெரிந்தது. படித்தவர்கள் அபூர்வமான சொற்களையே தேடித் தேடி எழுதியிருந்தார்கள். ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் போல இருந்தன. எல்லோர் வாயிலும் புழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. தெரிந்த சொல்தானே என்று ஆளாளுக்கு விட்டுவிட்டிருந்தார்கள். விட்டதையெல்லாம் மரேயும் உதவியாளர்களும் மறுபடி தேட வேண்டியதாயிற்று.

ஒரு சொல்லின் பொருள்களை அவர் எப்படிப் பிரித்தார் என்பது நாம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம். அவரே அதை விவரித்திருக்கிறார். ஒரு சொல்லுக்கு வந்த சீட்டுகளை இருபது, முப்பது, சில வேளை நாற்பது குவியலாகப் பிரிப்பார்கள். குவியல்களை மேசையிலோ தரையிலோ பரப்பி, சதுரங்கக் காய்களைப்போல் மணிக்கணக்கில் இடம் மாற்றி மாற்றி வைத்து, எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருள் பிறந்திருக்கும் என்று தேடுவார்கள். முதலில் வாக்கியம், பிறகு குவியல், அதன்பின் பொருள் வரிசை என்பதே அவர்களுடைய வழி. மரே 1915-இல் இறந்தபோது ‘டி’ (T) எழுத்துச் சொற்களில் வேலை செய்துகொண்டிருந்தார்; அகராதி முடியவில்லை. 1928-இல் அது முடிந்தபோது 4,14,825 சொற்களும், அவற்றுக்குச் சான்றாக 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. அவ்வளவு பெரிய மீனிங் நோட்டை எழுதியவர்கள் வாக்கியத்திலிருந்துதான் பொருளுக்குப் போனார்கள். நாம் பிள்ளைகளிடம் பொருளை முன்னதாகவே கொடுத்துவிட்டு, வாக்கியத்தை அதற்குள் திணிக்கச் சொல்கிறோம்.

சரி, 645 பொருள் உள்ள சொல்லை ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது? இங்கேதான் தமிழ் நமக்குப் பெரிய துணை. நம்மிடம் ‘ஓடு’ இருக்கிறது.

பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே என்னென்ன கேட்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆறு ஓடுகிறது. கடிகாரம் ஓடவில்லை. ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. உடம்பில் ரத்தம் ஓடுகிறது. ‘பிழைப்பு ஏதோ ஓடுது’ என்கிறார் பாட்டி. ‘உன் மனசுல என்னதான் ஓடுது?’ என்று கேட்கிறார் அம்மா. ‘கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒண்ணுமே ஓடலை’ என்கிறான் அண்ணன். இவற்றில் எதற்கும் கால் இல்லை. எந்தப் பிள்ளையும் இதில் குழம்பியதில்லை. வாக்கியம் வாக்கியமாகக் காதில் விழுந்ததால் பொருளும் கூடவே வந்து சேர்ந்தது.

இந்த வாக்கியங்களில் பலவற்றில் ஆங்கிலக்காரர்களும் ‘ரன்’ என்றே சொல்வார்கள். ஆறு, கடிகாரம், மீட்டர், படம், விரிசல், ரத்தம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இரண்டு மொழிகளுக்கும் இடையே பிறப்பு உறவு இல்லை. ஆனாலும் காலால் விரைவது, நிற்காமல் நகர்வது, அறுபடாமல் தொடர்வது என்று மனம் தாவிய வழி ஒன்றாகவே இருக்கிறது. நீர் ஓடுவது ஆங்கிலத்தில் மிகப் பழைய பொருள். ‘ரன்’னின் உறவுச்சொல்லான ஜெர்மன் ‘ரின்னன்’ இன்றைக்கும் நீர் ஒழுகுவதைத்தான் சொல்கிறது. குழாய், கண்ணீர், மூக்கு, சாயம் எல்லாம் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆவது அந்த வழியில்தான். தமிழில் மூக்கு ஒழுகும், சாயம் போகும். இங்கே நம் பாதை பிரிகிறது என்று பிள்ளையிடம் சொன்னால் போதும். பாதை எதுவரை ஒன்றாக வருகிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பிரியும் இடம் மறக்காது.

அடுத்து நான் சொல்லப்போவதை உங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்லிப் பாருங்கள். நம்மிடம் ஓடு இருப்பதுபோல் ‘ஓட்டு’ம் இருக்கிறது. பஸ் ஓடுகிறது, டிரைவர் பஸ்ஸை ஓட்டுகிறார். கடை ஓடுகிறது, அக்கா கடையை ஓட்டுகிறார். குடும்பம் ஓடுகிறது, ‘குடும்பத்தை ஓட்டுறதே பெரும்பாடு’. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. தமிழில் ஒரு ‘ட்’ நடுவே வந்து வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’ ஒன்றே. எப்போதும் இப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ‘ரின்னன்’, ‘இர்னன்’ என்று வழங்கிய ஒரு வினை இருந்தது. குதிரையை விரட்டிப் போவது போன்றவற்றுக்கு ‘ஆர்னன்’ என்று அதன் பிறவினை தனியாக இருந்தது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சொல்லும் இவற்றோடு கலந்தது. நாளடைவில் உருவங்கள் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. ஆக, இன்றைய ‘ரன்’னுக்குள் ஓடுவும் இருக்கிறது, ஓட்டுவும் இருக்கிறது.

‘ரன்’னுக்குப் பின்னால் நேரடியாக ஒரு செயப்படுபொருள் வந்தால், முதலில் ‘ஓட்டு’ வைத்துப் பார் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். கடை, பள்ளி, இயந்திரம், கணினி நிரல், கட்சி என்று எத்தனையோ வாக்கியங்களின் கதவு திறந்துவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரு மைல் ஓடுவது, காய்ச்சல் அடிப்பது, ஆபத்துக்குத் துணிவது எல்லாம் தனியே நிற்கும். பொருந்தாதவற்றைத் தனிக் குவியலாக வைத்துக்கொள்ளலாம். ‘கடையை ஓடுகிறார்’ என்று எழுதிய பிள்ளை அன்றே ‘கடையை ஓட்டுகிறார்’ என்று திருத்திக்கொள்ளும். அதை ‘நடத்துகிறார்’ என்று மாற்ற அதற்கே தோன்றும். நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

‘ரன்’ இவ்வளவு பெருத்ததில் இயந்திரங்களின் பங்கு பெரிது. நீராவி எந்திரம், ஆலை, ரயில், மின்சார மோட்டார், கணினி என்று ஒவ்வொன்றும் வந்தபோது அது ஓடவும் வேண்டும், அதை ஓட்டவும் வேண்டும். எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர், ‘செட்’டை ‘ரன்’ முந்தியதை நம் காலத்தின் பரபரப்போடு சேர்த்துப் பார்த்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ‘செட்’ வைப்பது, இருத்துவது, நிலைபெறுவது சார்ந்த சொல். கடந்த இருநூறு ஆண்டுகளில் மனிதர்கள் எதையும் நிலையாக வைக்கவில்லை.

தேர்தல் விஷயம் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார், பந்தயத்தில் ஓடுவது போல. பிரிட்டனில் அவர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். நம்மூரில் தேர்தலில் நிற்பார். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டால் ஒன்பதாம் வகுப்பு அரை மணி நேரம் பேசும். ஓடுகிறவர், நிற்கிறவர் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். நாம் சொல்லிவிடக் கூடாது.

கிரிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டுப் பையன் முதலில் கேட்பது அநேகமாக அங்கேதான். இரண்டு விக்கெட்டுகளுக்கு இடையே ஓடினால் ஒரு ரன். சரி, பந்து கயிற்றைத் தாண்டிப் பறந்தால்? யாரும் ஓடுவதில்லை, ஆனால் 6 ரன். ஓடுவதன் பெயராக இருந்த சொல், ஓட்டத்தை எண்ணும் அலகாகிவிட்டது. அலகானபின் ஓட்டமே தேவைப்படவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கிரிக்கெட் கணக்கைக் குச்சியில் வெட்டுப்போட்டு வைத்தார்கள். அதனால் ரன்னுக்கு ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்றே பெயர் இருந்தது. ஒரு சொல் எப்படிப் பொருள் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. மைதானத்தில் நிற்கும் பையனுக்கு அது ஏற்கெனவே தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதை அவனுக்குக் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

‘செட்’டுக்கு வருகிறேன். அது இப்போது பாதித் தமிழ்ச்சொல். ஓட்டலில் செட் தோசை. வயலில் பம்புசெட். கல்யாண வீட்டில் நகை செட். சினிமாவுக்குப் போட்ட செட். ‘அவங்க எங்க செட்டு’ என்று கூடப் படித்தவர்களைச் சொல்வது. அலாரம் செட் பண்ணுவது. ‘சிமெண்ட் செட்டாகட்டும், மேலே மிதிக்காதே’ என்று கொத்தனார் சொல்வது. ‘அந்த ஊர் எனக்கு செட் ஆகலை’ என்பது. கடைசியாகச் சொன்னது நாமே உண்டாக்கிய பொருள். ஆங்கிலக்காரர் அந்த இடத்தில் ‘செட்’ சொல்ல மாட்டார். கடன் வாங்கிய சொல்லுக்கு நம் மக்கள் புதுப்பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொருளை ஆங்கிலக் கட்டுரையில் எழுதினால் பொருந்தாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

மேலே உள்ளவற்றைப் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். தோசை, பம்பு, நகை, கூடப் படித்தவர்கள் ஒரு பக்கம் சேரும். அலாரம், சிமெண்ட் மறுபக்கம் சேரும். சினிமா செட் எந்தப் பக்கம் என்பதில் சண்டை வரும். வரட்டும். இந்தப் பிரிவுக்குப் பின்னால் உண்மையிலேயே இரண்டு வேர்கள் இருக்கின்றன. வினைச்சொல்லான ‘செட்’, உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’டின் பிறவினை. அமர், அமர்த்து, இரு, இருத்து என்று நாம் சொல்வதைப்போல. ஓடு, ஓட்டு பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் ‘செட்’ பெருமளவுக்கு வேறு வழியாக வந்தது. ‘செக்டா’ என்ற லத்தீன் சொல், ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஏற்கெனவே இருந்த ‘செட்’டோடு உருவத்தில் ஒன்றாகிவிட்டது. ‘எங்க செட்டு பசங்க’ என்று மாணவன் சொல்லும்போது அந்த லத்தீன் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறான்.

ஒரே சொல் பல பொருளாகக் கிளைப்பது ஒன்று, வேறு வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்பது இன்னொன்று. ஓடுகிற ஓடுவும் கூரை ஓடும் ஒரு சொல்லா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லிவிடும். மூன்றாம் வேற்றுமை ‘ஓடு’ வேறு இருக்கிறது. இந்த வேறுபாட்டை அகராதிகள் தலைச்சொல்லின் மேல் சின்ன எண்களைப் போட்டுக் காட்டுகின்றன. அந்த எண்களைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்கினாலே அகராதியில் பாதி வழி வந்துவிடும்.

இதெல்லாம் நமக்குப் புதிய சரக்கு இல்லை. பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரைக் கேளுங்கள். பலபொருள் ஒருசொல் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் தனியே பேசுகிறது. அப்படிப்பட்ட சொற்களில் சிலவற்றின் பொருளை உடன் வரும் வினையே காட்டிக்கொடுத்துவிடும், சிலவற்றுக்கு வினை போதாது என்று அது இரண்டாகப் பிரிக்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. மா என்று மட்டும் சொன்னால் எதுவென்று தெரியாது. நிகண்டுகளில் ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. நம் முன்னோர் வகுப்பெடுத்த விதத்தில் இந்தச் செய்தி இருந்தது. ஆங்கிலப் பீரியடில் மட்டும் அதை ஏன் மறக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

‘645 பொருளையும் நடத்த முடியுமா?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். நடத்த வேண்டாம். மைக்கேல் வெஸ்ட் என்றொரு ஆங்கிலேயர் வங்காளத்தில் கல்வித் துறையில் இருந்தார். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். நம்மைப்போல வேற்றுமொழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதில்தான் அவர் வாழ்நாள் கழிந்தது. 1953-இல் அவர் தொகுத்து வெளியிட்ட சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் உண்டு. பட்டியலின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எத்தனை சதவீதம் வருகிறது என்று அதில் குறித்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும், பெரும்பகுதி வேலையைச் செய்பவை சில பொருள்கள்தாம். அவற்றை முதலில் கொடு என்பது வெஸ்ட் காட்டிய வழி. ‘ரன்’னுக்கு என்னைக் கேட்டால் கால் ஓட்டம், நீர் ஓட்டம், இயந்திரமும் வண்டியும் ஓடுவது, ஒன்றை ஓட்டுவது அல்லது நடத்துவது, தீர்ந்துபோவது ஆகிய ஐந்தும் பத்தாம் வகுப்புவரை போதும். தீர்ந்துபோவதற்கு ‘ரன் அவுட்’ என்று வரும். கிரிக்கெட் ரன் அவுட்டோடு பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள் என்பதால், அரிசி தீர்ந்த வாக்கியத்தையும் ஆட்டக்காரர் வெளியேறிய வாக்கியத்தையும் ஒரே நாளில் சேர்த்து எழுதிப்போடுங்கள்.

எந்தப் பொருள் முக்கியம் என்று நாம் நினைப்பதும் சில வேளை பொய்க்கும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் குழுவினர் கணினியில் கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட வாக்கியங்களைத் தொகுத்து 1987-இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டார்கள். மனதில் முதலில் தோன்றும் பொருளும், எழுத்திலும் பேச்சிலும் அதிகம் வரும் பொருளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அவர்கள் பல சின்னச் சொற்களில் கண்டார்கள். ‘ஸீ’ என்றதும் நமக்குக் கண்தான் நினைவுக்கு வரும். ஆனால் ‘ஐ ஸீ’ என்று அவர்கள் வாய்க்கு வாய் சொல்வது ‘புரிகிறது’ என்பதற்கு. அந்த அகராதியில் பொருளையே முழு வாக்கியமாக எழுதினார்கள். தமிழில் 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொடுக்கிறது. உங்கள் பள்ளி நூலகத்தில் அது இருந்தால் ‘ஓடு’ என்ற பக்கத்தை ஆங்கில வகுப்பில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் தடைகள் எனக்குத் தெரியும். பெற்றோர் நோட்டைத் திறந்து, ‘மீனிங் எழுதிப்போட்டாங்களா?’ என்று பார்க்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் எத்தனை சொல் நடந்தது என்று எண்ணுகிறார்கள். பாடப்பகுதி முடிய வேண்டும். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பும் உண்டு. தேர்வைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். வினாத்தாளில் ஒத்த பொருள் கேட்கும்போது சொல்லைத் தனியே கேட்பதில்லை. வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டுத்தான் கேட்கிறார்கள். வாக்கியத்தில் படித்த பிள்ளைக்கு அங்கே கூடுதல் பலமே தவிர நட்டம் இல்லை. பெற்றோரிடம் காட்டவும் நோட்டு இருக்கும். அதில் ஒற்றைச் சொல்லுக்குப் பதில் முழு வாக்கியம் இருப்பதைப் பார்த்தால் அவர்களும் மகிழத்தான் செய்வார்கள்.

செய்முறை எளிது. பழைய விடைத்தாள்களின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அளவு சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ‘ரன்’ வரும் ஒரு வாக்கியத்தை எங்கிருந்தாவது எழுதிக்கொண்டு வரட்டும். பாடப்புத்தகம், ஆங்கில நாளிதழ், மருந்து அட்டை, கைபேசித் திரை, கிரிக்கெட் வர்ணனை எதுவாகவும் இருக்கலாம். எங்கே பார்த்தது என்பதைச் சீட்டின் கீழே எழுத வேண்டும். மில் ஹில் கொட்டகையின் விதி அதுதான், மாற்ற வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சீட்டுகளைத் தரையில் பரப்புங்கள். எது எதோடு சேரும் என்று பிள்ளைகள் பேசட்டும், தமிழிலேயே பேசட்டும். குவியல்களுக்கு அவர்களே தமிழில் பெயர் வைக்கட்டும். ‘ஓட்டு குவியல்’, ‘ஒழுகுற குவியல்’ என்று பெயர் வந்தால் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். அகராதியைத் திறப்பது அதற்குப் பிறகுதான். எந்தக் குவியலிலும் சேராத சீட்டுகள் கட்டாயம் மிஞ்சும். அவற்றுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். ஒரு கவரில் போட்டு வைத்தால், ஆண்டின் நடுவில் யாராவது ஒரு பிள்ளை அதற்கு ஜோடி வாக்கியத்தைக் கொண்டுவந்து நீட்டும்.

அடுத்த மாதம் ‘டேக்’ எடுங்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இலேயே அதற்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் ‘எடு’ அதோடு எவ்வளவு தூரம் சேர்ந்து வருகிறது என்று நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. பல் எடுப்பது, பசி எடுப்பது, மதிப்பெண் எடுப்பது, வாந்தி எடுப்பது, படம் எடுப்பது, லீவு எடுப்பது என்று எழுதத் தொடங்கினேன், பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உங்கள் வகுப்பில் எத்தனை குவியல் விழுந்தது என்று எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் ஒருவன்